நீரிழிவு தலையெழுத்தா?

"அப்பனுக்கு இருந்தது, மகனுக்கு வந்தது, எல்லாம் தலையெழுத்து!" சுங்கைப் பட்டாணியில் மருந்துக்குக் காத்திருக்கும் நம்மவரிடையே அடிக்கடி காதில் விழும் தத்துவம் இது. அந்த எழுத்தைப் படித்துக் காட்ட வல்லார் யாரேனும் உண்டோ என்று கேட்கின்றோம்.

2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெண்மர் நீரிழிவாளர் என்றது. இந்தியரில் மட்டும் நூற்றுக்கு 31 பேர்! காலை இழந்தோரும், சிறுநீரகம் கெட்டு இரத்தம் சுத்திகரிக்கும் பொறியை நம்பி உயிர் வாழ்வோரும் இக்கணக்கிலிருந்தே வருகின்றனர்.

பரம்பரைக்குப் பங்கில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பரம்பரை வெறும் விதை. அது முளைக்க நிலம் வேண்டும். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்றாண்டு ஆராய்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். நடையும் உணவொழுங்கும் கைக்கொண்டோரில் 39 பேரே ஆயினர். மாத்திரை தந்த பயனும் ஏறக்குறைய அவ்வளவே. நம் இனத்தாரின் உடம்பிலேயே கண்ட உண்மை இது. தலையெழுத்தை நடைப்பயிற்சி அழித்ததெனின், அது எவ்வகை எழுத்து?

நம் பாட்டன் விடியுமுன் எழுந்து நிரை நிரையாய் நடந்து பால்மரம் சீவினான். பால் வாளி சுமந்தான். அவ்வாழ்வே மேல் என்று புலம்ப மாட்டோம். அது வயிறு காய்ந்த கூலி உழைப்பு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நாம் பட்டணத்துக்கு வந்தோம். இன்று காவற்காரனுக்கு நாற்காலி, பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிள். கால் ஓய்ந்தது, சோற்று மலையும் சீனி கரைத்த தேத்தண்ணியும் ஓயவில்லை.

"ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று சாகிறோமே, அது போதாதா?" என்பார் சிலர். போதாது, தோழர்களே! கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2021 இல் வெளியிட்ட முடிவு என்ன? ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியோர்க்கு இருதய நோய் குறைந்தது. வேலைப் பளுவால் உடல் நொந்தோர்க்கு அது மிகுந்தது. கூலிக்கு நொந்த உடம்பு வேறு. நலத்துக்கு இயங்கும் உடம்பு வேறு. ஆதலின் வேலை நேரத்தைக் குறைத்து ஓய்வு தருவதும் மருத்துவமே என்பதை முதலாளிமார் உணர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களிடம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான இயக்கம். நாளுக்கு அரைமணி, வாரம் ஐந்து நாள் நடந்தால் போதும். அதற்கும் ஒரு முட்டுக்கட்டை: "பெண் வீதியில் விரைந்து நடந்தால் ஊர் சிரிக்கும்!" சிரிக்கட்டும். அவள் கால் போனபின் இந்த ஊர் தன் காலைக் கழற்றிக் கொடுக்குமா?

திருவிழாவுக்குத் திரட்டும் பணத்தில் சிறு பங்கைக் கோயில் நிர்வாகிகள் ஒதுக்கட்டும். கோயில் திடலில் விளக்கேற்றி மாலைதோறும் ஆணும் பெண்ணும் நடக்க வழி செய்யட்டும். பள்ளித் திடல்களும் திறக்கட்டும்.

1946-47 இல், இதே வட்டாரத்தின் பீடோங் ஹார்வார்டு தோட்டத்தில், ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளை எதிர்த்துத் திரண்டது. தொழிலாளி குடித்தழிவதே விதி என்று அவர்கள் ஒப்பவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் சர்க்கரையை விதி என்று ஒப்பலாமோ? எழுமின், இன்று மாலையே நடமின்!