குரங்கை மட்டும் நம்பலாமா?



பரீட்சை நமக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். போனில் உள்ள செயலிகளுக்கும் பரீட்சை உண்டு! என் பெரியம்மா மகள் ஒரு கம்பெனியில் அந்தப் பரீட்சை வைக்கும் வேலைதான் பார்க்கிறார். எல்லா பட்டனையும் தினமும் கையால் அழுத்திப் பார்க்க முடியுமா? அதனால் தானாகவே அழுத்திப் பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

ஒரு கருவிக்குப் பெயரே குரங்கு! 1983-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக ஸ்டீவ் கேப்ஸ் என்பவர் ‘மங்கி’ என்ற புரோகிராமை எழுதினார். அது கண்ட இடத்தில் கிளிக் செய்யும், கண்ட எழுத்தைத் தட்டும். ஆண்ட்ராய்டிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. 500 தடவை தட்டு என்றால் தட்டும். குரங்கு கையில் பூமாலை மாதிரி செயலி படாத பாடு படும். நடுவில் நின்றுபோனால் கோளாறு இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் 2-ம் 2-ம் 5 என்று செயலி காட்டினால் குரங்குக்கு அது தப்பு என்று தெரியாதே!

அதற்கு ‘இதை அழுத்தினால் இது வர வேண்டும்’ என்று சொல்லிக்கொடுக்கும் கருவிகள் வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் எஸ்பிரசோ. ஐபோனுக்கு ஆப்பிளின் எக்ஸ்சியூஐடெஸ்ட். இரண்டுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் ஆப்பியம். எஸ்பிரசோ செயலிக்கு உள்ளேயே இருந்து பார்க்கும், அதனால் வேகம். ஆப்பியம் வெளியே இருந்து இயக்கும், கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். ஜாவா, பைத்தான் என்று தெரிந்த மொழியில் எழுதலாம்.

என் கருத்து என்னவென்றால், கருவியின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ‘இந்தச் செயலி யார் கைக்குப் போகும்?’ என்று கேட்க வேண்டும்.

என் அம்மாவுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்து தெரியாது. போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார். ஒரு செயலியில் படிவம் முழுவதும் நிரப்பிவிட்டார். அனுப்பும் பட்டனைக் காணோம்! திரைக்குக் கீழே போய்விட்டது, தள்ளினாலும் மேலே வரவில்லை. கடைசியில் பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். அன்றைக்குக் கூலி போச்சு.

அக்காவிடம் கேட்டேன். “பட்டன்ல நூத்துக்கு 90 பங்காவது திரையில தெரிஞ்சாத்தான் எஸ்பிரசோ அழுத்தும்டி. பெரிய எழுத்துல ஒரு தடவை ஓட்டியிருந்தா மாட்டியிருக்கும். யாரும் ஓட்டியிருக்க மாட்டாங்க” என்றார்.

பாருங்கள், கருவியில் குறை இல்லை. அம்மா மாதிரி ஒருவரை யாரும் நினைக்கவில்லை. இங்கிலீஷில் சின்னதாக இருக்கும் வார்த்தை, தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று நீண்டுவிடும். பட்டனுக்குள் பாதி எழுத்து வெட்டுப்பட்டாலும் கருவி அழுத்திவிட்டுப் போய்விடும். அதை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே எந்தக் கருவியை எடுத்தாலும் தமிழில் ஒரு தடவை, பெரிய எழுத்தில் ஒரு தடவை, விலை குறைந்த பழைய போனில் ஒரு தடவை ஓட்ட வேண்டும். கடைசியில் ஒரு அம்மாவிடமோ தாத்தாவிடமோ கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் பாஸ் போட்டால்தான் செயலி பாஸ்!

நம்மில் சிலர் நாளைக்கு இந்த வேலைக்குப் போகலாம். அப்போது நம்ம ஊர் போன்களை மறக்காதீர்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி