வீடு வாங்கப் போறீங்களா? விளம்பரத்தை இல்லை, ஆவணத்தைக் கேளுங்க!



நம்ம ஊருக்குள் எந்தச் சாலை வழியா நுழைந்தாலும் இப்போ முதலில் கண்ணில் படுவது வீட்டு விளம்பரப் பலகைதான். 2025 ஜூலையில் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஆகஸ்டில் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. இந்த மூன்று பெயரையும் சொல்லியே "ஏர்போர்ட்டுக்கு பத்தே நிமிஷம், இன்னைக்கே புக் பண்ணுங்க" என்று மனையும் அடுக்குமாடி வீடும் விற்கிறாங்க.

வளர்ச்சி வரட்டும், வேண்டாம்னு யாரும் சொல்லலை. ஆனா அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது யார்? துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவரின் பி.எஃப். பணம், கப்பல் வேலைக்குப் போன பிள்ளையின் சம்பளம், அனல்மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளி அடகு வைத்த நகை. இதெல்லாம் ஒரு தடவை போனா மறுபடி சேர்க்க ஒரு ஆயுசு பத்தாது. அதனாலதான் ஒரு அரசியல் கட்சி வீடு வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கு.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் நம்ம கரையில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமா ஏலம் விட்டாங்க. உள்ளே முத்து இருந்தா எடுத்தவர் பிழைச்சார், இல்லைன்னா போச்சு. ஆனா சலாபம் அறிவிக்கும் முன்னாடி அரசாங்கம் என்ன செஞ்சது தெரியுமா? மாதிரிச் சிப்பிகளை எடுத்து, திறந்து, முத்தை மதிப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செஞ்சது. கட்டி முடிக்காத வீட்டை வாங்குவதும் திறக்காத சிப்பியை வாங்குவதுதான். மாதிரி பார்க்காமல் இறங்கினா அது சூதாட்டம்.

"அண்ணாச்சி நல்ல மனுஷன், கோயில் கொடைக்கு அள்ளிக் கொடுக்கிறவர்" என்பது ஒரு பில்டருக்கான சான்று இல்லை. "பேங்க் லோன் கிடைக்குது, அப்போ எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்பதும் முழுச் சான்று இல்லை. நல்ல பில்டர் என்பவர் கேட்ட காகிதத்தை முகம் சுளிக்காமல் எடுத்து வைக்கிறவர், ஏற்கனவே கட்டிய கட்டிடத்தைக் காட்டி "உள்ளே போய் குடியிருப்பவங்களைக் கேளுங்க" என்று சொல்கிறவர்.

இரண்டு சம்பவங்களை நாம மறக்கக் கூடாது.

2014 ஜூன் 28. சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் செத்தாங்க. பெரும்பாலோர் பிழைப்புக்கு வந்த கட்டடத் தொழிலாளிகள். அதுக்கும் அனுமதி இருந்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டிடத்தையும் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தாங்க. அந்த வளாகத்தில் வீட்டுக்குப் பணம் கட்டியவங்க கனவும் அதோட மண்ணாச்சு.

அடுத்தது கொச்சி மரடு. கடற்கரை ஒழுங்குமுறை விதியை மீறிக் கட்டிய 4 அடுக்குமாடி வளாகங்களை இடிக்க உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கும் தரைமட்டம். அங்கே குடியிருந்தவங்க திருடினாங்களா? இல்லை. பணம் கொடுத்து, பத்திரம் போட்டு வாங்கியவங்க. உள்ளூர் பஞ்சாயத்தும் அனுமதி கொடுத்திருந்தது. ஆனா கடற்கரை விதி அதுக்கும் மேலே நின்றது. இடைக்கால நிவாரணமா ஆளுக்கு 25 லட்சம் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. வீடு மட்டும் திரும்ப வரவே இல்லை.

வேம்பாரில் இருந்து பெரியதாழை வரை கடலை ஒட்டி வாழும் நமக்கு மரடு தூரத்துச் செய்தி கிடையாது. "கடல் தெரியும் வீடு" என்று யாராவது விற்க வந்தா, முதலில் மரடு ஞாபகம் வரணும்.

சரி, கையில் பேனா எடுக்கும் முன்னாடி என்ன கேட்கணும்?

1. ரெரா பதிவு எண் என்ன? 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு (சுமார் 12 செண்டு) மேற்பட்ட நிலத்தில் 8 வீட்டுக்கு மேல் கட்டும் திட்டத்தைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடக் கொடுக்கக் கூடாது. எண்ணை வாங்கி, குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்க. பிள்ளைங்ககிட்டச் சொன்னா ஐந்து நிமிஷத்தில் பார்த்துத் தருவாங்க.

2. நிலம் யாருடையது? தாய்ப்பத்திரம், பட்டா, குறைந்தது 30 வருஷ வில்லங்கச் சான்று, மூணும் வேணும். பில்டர் வேறு, நில உரிமையாளர் வேறுன்னா இருவருக்கும் உள்ள ஒப்பந்தத்தையும் பாருங்க. நீர்நிலைப் புறம்போக்கு இல்லைன்னு உறுதி செய்யுங்க. உங்க பக்கம் ஒரு வக்கீல் இருக்கட்டும், பில்டர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

3. கடற்கரை விதிக்குள் வருதா? கடல் உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டருக்குள்ள இடம்னா, கழிமுகத்தையோ ஓடையையோ ஒட்டிய இடம்னா, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதியை எழுத்தில் கேளுங்க.

4. 2023 டிசம்பரில் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணி நின்றது? அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. மாநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் தண்ணி வடியலை. பில்டரைக் கேட்காதீங்க, பக்கத்துத் தெரு டீக்கடையில் கேளுங்க. சுவரில் கறை எவ்வளவு உயரம்னு அவங்க கை வைத்துக் காட்டுவாங்க.

5. எந்தத் தண்ணியில் கான்கிரீட் போடுறாங்க? நம்ம ஊர் உப்புக்காத்துக்கும் உவர் நிலத்துக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பி துரு ஏறினா பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான தண்ணியில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாதுன்னு சொல்லுது. கடற்கரைச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட்டுக்கு எம்-30 தரமும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரிங்கும் வேணும்னு சொல்லுது. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கேளுங்க. அவர் பத்து வருஷம் முன்னாடி கட்டிய வீட்டின் தூணையும் பால்கனி அடிப்பக்கத்தையும் போய்ப் பாருங்க. வெடிப்பும் துருக்கறையும் தானே பேசும்.

6. எத்தனை சதுர அடிக்கு விலை? "சூப்பர் பில்ட் அப்" கணக்கு வேண்டாம். சுவருக்குள்ளே நாம புழங்கும் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, பிரிபடாத நிலப்பங்கு எவ்வளவு, ரெண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்க.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கணும். ரெராவின் கீழ் வரும் திட்டங்களில், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 40 லட்ச ரூபாய் வீடுன்னா 4 லட்சம், அவ்வளவுதான். வாங்குபவங்க கட்டும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்குன்னு தனிக் கணக்கில் இருக்கணும். வேறு ஊரில் நிலம் வாங்க அதை எடுக்க முடியாது. சொன்ன தேதிக்கு வீடு தரலைன்னா வட்டியோட பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வீடே வேணும்னா, தாமதமாகும் ஒவ்வொரு மாசத்துக்கும் வட்டி கேட்கலாம். ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டமைப்பில் குறை வந்தா பில்டரே தன் செலவில் சரி செய்யணும். விளம்பர நோட்டீஸில் பொய் சொல்லியிருந்தா அதுக்கும் இழப்பீடு உண்டு. அதனால அந்த நோட்டீஸைக் கிழித்துப் போடாதீங்க, ரசீதோட சேர்த்து வையுங்க. "மிச்சப் பணத்தைக் கையில் கொடுங்க, பத்திரத்தில் குறைச்சுக் காட்டுவோம்" என்றால் சம்மதிக்காதீங்க. கணக்கில் இல்லாத பணத்துக்கு நாளைக்கு எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பீங்க?

ஆனா வாங்குபவர் மட்டும் உஷாரா இருந்தா போதுமா? போதாது. மரடில் அனுமதி கொடுத்தது யார்? மவுலிவாக்கத்தில் வரைபடத்துக்கு முத்திரை குத்தியது யார்? தப்பான கட்டிடம் எழும்பும் இடத்தில் எல்லாம் ஒரு அரசுக் கையெழுத்தும் இருக்கு. வீடு இடியும்போது அந்தக் கையெழுத்துக்காரர் வீடு மட்டும் பத்திரமா இருக்கு.

நம்ம மாதிரி ஊர்களில் இன்னொரு ஓட்டையும் இருக்கு. 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்தில் கட்டினாலோ, 8 வீட்டோட நிறுத்திக்கிட்டாலோ ரெரா பதிவே தேவையில்லை. சென்னையின் பெரிய கம்பெனிக்கு இருக்கும் கண்காணிப்பு, இங்கே 6 வீடு கட்டி விற்பவருக்குக் கிடையாது. அங்கே ஏமாந்தவங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 50 லட்சம் வரைன்னா வழக்கை நம்ம மாவட்டத்திலேயே போடலாம். ஆனா அது பணம் போன பிறகு செய்யும் வைத்தியம். சட்டத்தின் 3ஆம் பிரிவு இந்த வரம்பை மாநில அரசு குறைக்கலாம்னு தெளிவா சொல்லுது. அதைச் செய்ய டெல்லியில் கையேந்த வேண்டியதில்லை.

ஆகவே நம் கட்சி வைக்கும் கோரிக்கைகள்:

▪ ரெரா பதிவு வரம்பைத் தமிழக அரசு குறைக்கணும். சிறிய அடுக்குமாடிகளும் பதிவுக்குள் வரணும்.

▪ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வீடு வாங்குவோருக்கு உதவி மையம் வேணும். புகார் எழுதுவதில் இருந்து பட்டா, வில்லங்கம் பார்ப்பது வரை அங்கே உதவி கிடைக்கணும்.

▪ 2023 வெள்ளத்தில் தண்ணி நின்ற இடங்களின் வரைபடத்தை மாநகராட்சி தமிழில் வெளியிடணும். அந்த இடங்களில் வடிகால் இல்லாமல் புதிய அனுமதி கூடாது.

▪ கடற்கரை மண்டல எல்லையை மீனவக் கிராமங்களிலும் பதிவு அலுவலகங்களிலும் எல்லோரும் பார்க்கும்படி வைக்கணும்.

▪ விதி மீறிய கட்டிடத்துக்கு அனுமதி கொடுத்த அதிகாரி மீதும் நடவடிக்கை வேணும்.

நேர்மையா கட்டும் பில்டர்கள் இந்த ஊரில் இருக்காங்க. இந்தக் கேள்விகள் அவங்களுக்கு எதிரி இல்லை, துணைதான். எல்லோரும் காகிதம் கேட்க ஆரம்பிச்சா, மலிவு விலை காட்டி ஏமாற்றுகிறவன்தான் கடையைக் கட்டுவான்.

இந்தப் பதிவை உங்க தெரு வாட்ஸ்அப் குழுவில் பகிருங்க. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புங்க. அங்கிருந்து பணம் அனுப்பும் முன்னாடி அவங்க படிக்கட்டும். ஏற்கனவே பணம் கட்டித் தவிக்கிறவங்க ரசீது, ஒப்பந்த நகலோட நம் கட்சி அலுவலகத்துக்கு வாங்க. புகார் எழுதித் தர தோழர்கள் இருக்காங்க.

கேட்டு வாங்குவோம்! கேள்வி கேட்டே வாங்குவோம்!

#வீடு_நம்_உரிமை #தூத்துக்குடி