தனித்த இரட்டைகளை ஒதுக்க முடியாது

மூலக்கூறின் வடிவத்தை அணுக்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது, பிணைப்பில் சேராத எலக்ட்ரான்களுக்கு அதில் வேலையில்லை என்ற வாதம் அம்மோனியாவிடமே தோற்றுவிடுகிறது. போரான் டிரைஃபுளூரைடிலும் அம்மோனியாவிலும் மைய அணுவைச் சுற்றி மூன்று அணுக்களே. முன்னது தட்டையானது, கோணம் 120 பாகை. பின்னது பிரமிடு, கோணம் சுமார் 107 பாகை. வேறுபாட்டுக்குக் காரணம் நைட்ரஜன் மேலுள்ள ஒரு தனித்த எலக்ட்ரான் இரட்டைதான். ஒரே அணுக்கருவின் பிடியில் இருப்பதால் அது அகலமாகப் பரவி, பிணைப்பு இரட்டைகளை நெருக்குகிறது. நீரில் அத்தகைய இரட்டைகள் இரண்டு; கோணம் 104.5 பாகையாகச் சுருங்குகிறது.

எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்குவதே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று கில்லெஸ்பியும் நைஹோமும் 1957இல் வகுத்த விதியால் ஹைட்ரஜன் சல்ஃபைடின் 92 பாகையைத் துல்லியமாகச் சொல்ல முடியாதது உண்மையே. ஆனால் அந்த மூலக்கூறு வளைந்தது என்பதைச் சரியாகச் சொல்கிறது. மீத்தேன் நான்முகியாக இருக்க, செனான் டெட்ராஃபுளூரைடு ஏன் சதுரத் தளமானது என்பதற்கு அணுக்களை மட்டும் எண்ணுவோரிடம் விடை கிடையாது.