விழப்போகிற பல்தான், ஆனால் எப்போது?

‘பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது, அதற்கு எதற்கு வைத்தியச் செலவு?’ என்று கேட்கிறார்கள். விழும் என்பது உண்மைதான். எப்போது விழும் என்பதைத்தான் இந்த வாதம் மறந்துவிடுகிறது. முன்பற்கள் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்களோ 10 முதல் 12 வயது வரை இருந்தாக வேண்டும். 4 வயதில் சொத்தையான பல்லோடு அந்தக் குழந்தை இன்னும் ஆறேழு வருடம் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும்.

அதை முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும்; புதுப் பல் கோணலாக முளைக்கும். வேரில் சீழ் பிடித்தாலோ, அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலே கெடலாம்.

இன்றே குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல வெளுத்திருந்தால் சொத்தை தொடங்கிவிட்டது. அந்தக் கட்டத்தில் பல்லைத் துளைக்காமலே அதை நிறுத்த முடியும். பால் புட்டியோடு தூங்கவைக்காதீர்கள். 3 வயதுவரை அரிசியளவு, பிறகு பட்டாணியளவு ஃபுளோரைடு பேஸ்ட் வைத்து, காலையும் இரவும் நீங்களே தேய்த்துவிடுங்கள். செலவுக்கு அஞ்சுகிறவர்கள் முதலில் அஞ்ச வேண்டியது தள்ளிப்போடுவதற்குத்தான்.