உடையார்குடிக் கல் உணர்த்தும் அறம்

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் ஆலயத்திற்கு அணித்தாக உள்ள ஓர் இல்லத்தில், ஞாயிறுதோறும் மாலையில் முதியோர் சிலர் கூடி நூல் படிப்பது வழக்கம். ஒருவர் வாசிப்பார், ஏனையோர் செவிமடுப்பர், பின்னர் அளவளாவுவர். அண்மையில் அங்கே அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நிறைவுற்றது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அப்புதினத்தைத் தம் தாயார் மடியிலிருந்து கேட்டவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

நிறைவு நாளில் அடியேனும் சென்றிருந்தேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற வினா எழுந்தது. கடம்பூர் மாளிகையில் நிகழ்ந்ததைக் கல்கி திரையிட்டே காட்டியிருக்கிறார் அல்லவா? நந்தினி என்றார் ஒருவர். பழுவேட்டரையர் என்றார் மற்றொருவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரோ, "கதையை விடுங்கள், அரியணையால் பயனடைந்தவர் உத்தம சோழரே. அவர்மீதே என் ஐயம்" என்றார்.

அதுவரை வாளாவிருந்த மூதாட்டி ஒருவர் கண்கலங்கிவிட்டார். "செம்பியன் மாதேவியார் வயிற்றில் பிறந்த பிள்ளைமேல் இப்பழியைச் சுமத்தலாமா, ஐயா? திருமுதுகுன்றத்தில் நாம் வலம்வரும் கற்றளி அந்த அம்மையார் எடுப்பித்தது அல்லவா?" என்றார். அவை அமைதியுற்றது.

சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறதே என்று அடியேன் நினைவூட்டினேன். அடுத்த வாரம் சிதம்பரம் சென்று கூத்தபிரானைத் தொழுது, அங்கிருந்து காட்டுமன்னார்கோயிலை அடைந்தோம். கதை தொடங்கும் வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம், அவ்வூரை ஒட்டியே விரிந்து கிடக்கிறது. நாதமுனிகள் அவதரித்த திருப்பதியும் அதுவே. அங்கே உடையார்குடியில் அனந்தீசுவரர் ஆலயம் உள்ளது.

அதன் திருச்சுவரில், 985-இல் அரியணை ஏறிய முதலாம் ராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சுட்டி உரைக்கிறது. உத்தம சோழரைக் குற்றவாளியென்று அது கூறவில்லை. வரலாற்றறிஞர் நீலகண்ட சாத்திரியார் அவர்மீது ஐயம் கொண்டார்; பின்வந்த ஆய்வாளர் சிலர் அதனை மறுத்தனர். இவ்வளவையும் ஆசிரியரே விளக்கி, "என் சொல் கடுமையானது, அம்மா" என்று மூதாட்டியிடம் மொழிந்தார்.

அன்பர்களே, அக்கல்வெட்டு கொலையைச் சொல்லவே பொறிக்கப்பட்டதன்று. அரசாணைப்படி கைப்பற்றப்பட்ட அத்துரோகிகளின் நிலத்தை ஒருவர் விலைகொடுத்துப் பெற்று, ஆலயத்தில் தண்ணீர் வைக்கவும் அந்தணர்க்கு நாள்தோறும் அன்னமிடவும் அறமாக வழங்கினார். அந்த அறத்தைக் காக்கவே எழுத்து வெட்டப்பட்டது. பழியைச் சுமந்த மண், பசி தீர்க்கும் மண்ணாயிற்று! யார் கொன்றார் என்றே வினவி நின்ற நாங்கள், எஞ்சிய நிலம் என்னவாயிற்று என்று வினவ மறந்திருந்தோம்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. கரிகாலன் மறைந்தபின் குடிமக்கள் அருள்மொழியை அரசேற்க வேண்டினர். சிறிய தந்தைக்கு அரசில் விருப்பம் உள்ளவரை தாம் அதை விரும்பார் என அவர் விலகி நின்றார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. கல்கியும் நிறைவுப் பாகத்திற்குத் 'தியாக சிகரம்' என்றே பெயரிட்டார்.

நம் இல்லங்களிலும் பாகப் பிணக்குகள் உண்டு. இன்னார் கெடுத்தார், இன்னார் பறித்தார் என்ற பேச்சு தலைமுறை கடந்தும் ஓய்வதில்லை. விட்டுக்கொடுத்தவர் பெயரே நிலைக்கிறது. வழக்கில் கிடந்த சொத்தும் ஒருபிடி அன்னமாக மாறும்போதே தூய்மை அடைகிறது.

திரும்புமுன் அம்மூதாட்டி அச்சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தம் கைப்பையிலிருந்து சிறு தொகை ஒன்றை எடுத்து, அன்னதானத்திற்கென்று உண்டியலில் சேர்த்தார். ஆசிரியரும் அவ்வாறே செய்தார். நூலின் கடைசி ஏட்டை அன்றுதான் படித்து முடித்தோம் என்று அடியேனுக்குத் தோன்றியது.