வெந்நீருக்குக் கணக்கு கிடையாதா?

போன மாதம் எங்களுக்கு ஒரு பட்டியல் வந்தது. "சுத்தமாக எரியும் விறகடுப்புகள்" என்று தலைப்பு. நான்கு மாடல், நான்கு வண்ணப் படம், திறன் இத்தனை சதவீதம், எடை இத்தனை கிலோ. நாற்பது குடும்பங்களுக்கு இலவசமாகத் தருகிறோம், எது வேண்டும் என்று டிக் அடித்து அனுப்புங்கள் என்றது ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவு. தேர்ந்தெடுக்கும் உரிமையை எங்களுக்கே கொடுத்துவிட்டார்களாம். மின்னஞ்சலில் அதை இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள்.

பட்டியலை எடுத்துக்கொண்டு பந்தலூர் பக்கம் நாங்கள் வேலை செய்கிற லைன் வீடுகளுக்குப் போனோம். பெரும்பாலும் தாயகம் திரும்பிய குடும்பங்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்ட மக்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள், இங்கே வந்தும் கொழுந்துதான் பறிக்கிறார்கள். லைனும் அதே லைன்தான், சாதியும் கூடவே கப்பலேறி வந்து இறங்கியது.

படங்களைப் பார்த்த ஒரு அக்கா கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, இதுல வெந்நீர் எங்க வைக்கிறது?"

நான்கு மாடலிலும் பதில் இல்லை. நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்டோம். "இது சமையல் திட்டம் சார். குளிக்கிறது எங்க ஸ்கோப்ல வராது" என்றார்கள்.

ஜூனில் இருந்து செப்டம்பர் வரை கூடலூர், தேவாலா, பந்தலூர் மலைகளில் மழை எப்படிப் பெய்யும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்பில் படங்கு, தலையில் பிளாஸ்டிக், காலில் அட்டை. மாலை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வரும் பெண்ணின் உடம்பில் காய்ந்த இடம் என்று ஒன்று இருக்காது. அவருக்கு முதலில் வேண்டியது சோறு அல்ல, ஒரு வாளி வெந்நீர். வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. அதில் டீ போடுவார்கள், காலையில் பிள்ளைகளுக்கு அவசரமாக ஏதாவது தாளிப்பார்கள். வெந்நீர் மட்டும் பின்பக்கம் மூன்று கல்லில், ஈர விறகில், கண் எரிய எரியத்தான் காயும்.

இதை எந்தக் கணக்கெடுப்பாவது கேட்டிருக்கிறதா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சமையலுக்கு என்ன எரிபொருள் என்று கேட்டது. குளியலறை இருக்கிறதா என்றும் கேட்டது. குளிக்கும் தண்ணீரை எதை வைத்துச் சுடவைக்கிறாய் என்று கேட்கவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வும் சமையலைத்தான் கேட்கிறது. "கேஸ்" என்று சொன்னதும் அந்த வீடு "தூய எரிபொருள் வீடு" ஆகிவிடுகிறது. பின்பக்கத்துப் புகை படிவத்தில் ஏறுவதே இல்லை. சமூகவியல் வகுப்பில் கேள்வித்தாள் தயாரிப்பது பற்றி ஒரு முழுப் பருவம் படித்தோம். கேட்காத கேள்விக்குப் பின்னால்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த அக்காவிடம்தான் கற்றுக்கொண்டோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். வாளிக்கு 15 லிட்டர். மழைக்காலத் தண்ணீர் 15 டிகிரி, குளிக்க 45 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பில் அதற்குச் சுமார் 70 கிராம் எரிவாயு போகும். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஒரு நாளைக்கு 350 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் குளிப்பதற்கு மட்டுமே 40 நாளில் காலி, சோறு இன்னும் கணக்கில் வரவில்லை. 2016இல் உஜ்வாலா தொடங்கினார்கள், 2018இல் பட்டியல் சாதிக் குடும்பங்கள் எல்லாருக்கும் விரித்தார்கள். நல்லது. இணைப்பைக் கொடுத்தவர்கள் அதை நிரப்பும் கூலியைக் கொடுக்கவில்லையே. சரி, கரன்ட் இருக்கிறதே என்பார்கள். அதே ஐந்து வாளிக்கு ஹீட்டர் ராடு போட்டால் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டில் இலவசம் 100 யூனிட். அதோடு, தரை ஈரம் காயாத லைன் வீட்டில், எர்த் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பிளக்கில், பிளாஸ்டிக் வாளிக்குள் ராடைத் தொங்கவிடும் தைரியம் எங்களுக்கு இல்லை. சோலார்? நான்கு மாதம் சூரியனே தெரியாத ஊரில், சொந்தமில்லாத கூரையில்.

விறகில் வாருங்கள். மூன்று கல் அடுப்பில் எரியும் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான் பாத்திரத்துக்குப் போகிறது. ஒரு வாளிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ விறகு. ஐந்து பேருக்கு மாதம் 150 கிலோ. 25 கிலோ தலைச்சுமை என்றால் ஆறு சுமை. அந்த ஆறு சுமையைத் தூக்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. யானை நிற்கிற காட்டோரத்தில், வனக்காவலர் பார்த்தால் அரிவாளைப் பிடுங்கிக்கொள்வார் என்ற பயத்தில், ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்துப் போகிறார்கள்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2006 வன உரிமைச் சட்டம் சுள்ளியையும் சிறுவன மகசூல் என்றுதான் சொல்கிறது. பழங்குடிகளுக்கு அந்த உரிமை உண்டு, அது அவர்களுக்கு நூறு விழுக்காடு உரியது, அதில் எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. மற்றவர்கள் "பாரம்பரிய வனவாசி" என்று நிரூபிக்க 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 1964 ஒப்பந்தத்தில் இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்ட மனிதன் 1930இல் இங்கே இருந்ததற்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவான்? அவன் தாத்தா அப்போது ஊவாவிலோ ஹட்டனிலோ தேயிலைக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். ஆக, அரசு கொண்டுவந்து குடிவைத்த இடத்தில் அவன் பொறுக்குகிற சுள்ளி சட்டப்படி திருட்டு.

இவ்வளவுக்கும் மேல் வருவதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. "இந்த லைன் பிள்ளைகள் குளிக்காமல் வருகிறார்கள்" என்று ஒரு பள்ளியில் காலை வரிசையிலேயே பிள்ளைகளைத் தனியாக நிறுத்திவைத்தார்கள். நாங்கள் போய்க் கேட்டபோது, "சுத்தம் பழக்கவழக்கம் சம்பந்தப்பட்டது" என்று விளக்கம் வந்தது. பழக்கவழக்கமாம்! அந்த ஆசிரியரின் குளியலறையில் கீசர் இருக்கிறது, சுவிட்சைத் தட்டினால் போதும். மலையில் இருந்த துரை பங்களாக்களில் குளியலறைக்கு வெளியே விறகு பாய்லர் இருக்கும். அதற்கு விறகு பிளந்தது யார், விடியற்காலையில் எழுந்து பற்றவைத்தது யார், சாம்பல் அள்ளியது யார்? ஊருக்கே வெந்நீர் போட்டுக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் குளிக்கத் தெரியாதவர்கள் என்கிறார்கள். மலை நகரங்களில் சாக்கடையும் குப்பையும் அள்ளிவிட்டு வீடு திரும்பும் அருந்ததியர் தோழர்களுக்கு வெந்நீரும் சோப்பும் சொகுசா? அது வேலைக்கான பாதுகாப்புக் கருவி. கையுறை, பூட்ஸ் பட்டியலில் அதையும் சேர்க்க வேண்டும் என்று எந்த நகராட்சிக்காவது தோன்றியிருக்கிறதா?

1927இல் மகாத்தில் அண்ணல் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது பிரச்சினை தாகம் மட்டுமாக இருக்கவில்லை. இங்கே எங்களுக்கும் பிரச்சினை குளிர் மட்டுமில்லை.

சரி, அடுப்புக்கு வருவோம். ஏனென்றால் கோபப்பட்டுவிட்டு டிக் அடித்து அனுப்பினால் நாளைக்கு அதை ஊதப்போவது நாங்கள் இல்லை.

பட்டியலில் இருந்த நான்கில் மூன்று, கையில் தூக்கிப் போகிற ராக்கெட் வகை அடுப்பு. கொள்கை நல்லதுதான். குறுகிய உலைக்குள் தீ நன்றாகச் சூடேறி, புகையும் சேர்ந்தே எரிந்துவிடும். ஆனால் விரல் தடிமனுக்கு விறகைச் சிறிதாகப் பிளக்க வேண்டும், பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பிளக்கும் நேரம் யாருடையது? இரண்டாவது, புகைபோக்கி கிடையாது. ஆய்வகத்தில் காய்ந்த விறகை வைத்து அளந்த திறனை, ஜூலை மாதத்து ஈர விறகோடு பத்துக்குப் பத்து அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று பட்டியல் சொல்லவில்லை. நான்காவது மாடலில் காற்றாடி வைத்து, வில்லைகள் போட்டு எரிக்க வேண்டும். இதற்கு முன் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனமும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து கொண்டுவந்த ஊர்ஜா அடுப்புக்கு என்ன ஆனது? அருமையான அடுப்பு, தமிழ்நாட்டிலும் விற்றது. வில்லையின் விலை ஏறியது, அடுப்பு மூலைக்குப் போனது. எரிபொருளுக்கும் கம்பெனியிடம் கையேந்தும் அடுப்பு எங்களுக்கு வேண்டாம்.

எங்களுக்கு வேண்டியது வெந்நீரும் போடும் அடுப்பு. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலரும் சறுக்கும் இடம் அது. தீயைச் சுற்றியே தண்ணீர்த் தொட்டி கட்டினால் சூடு முழுவதும் தண்ணீருக்குப் போகும் என்று தோன்றும். நடப்பது வேறு. எரிந்து முடியாத சுவாலை குளிர்ந்த தகட்டில் பட்டதும் அணைந்துவிடும். புகை கூடும், தகட்டில் தார் போலக் கரி அப்பும், அப்பிய கரி சூட்டைத் தடுக்கும். ஆகவே தீ முழுதாக எரிந்து முடிய இடம் விட்டு, அதற்குப் பிறகு அந்தச் சூடான காற்றைத்தான் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி விட வேண்டும். முதலில் உலை, அடுத்துச் சோற்றுப் பானை, அதற்கு அடுத்து வெந்நீர் அண்டா, கடைசியில் புகைபோக்கி. சொல்லிப் பார்த்தால் நம் பாட்டிகளின் கொடியடுப்பு! பிரதான அடுப்பில் சோறு, துளை வழியே வரும் மிச்சச் சூட்டில் பக்கத்துக் கொடியில் வெந்நீர். அதில் இல்லாதது இரண்டு: உலைக்குள் சூடு தங்கும் சுவர், புகை வெளியேறும் குழாய். கர்நாடகத்தில் எண்பதுகளில் வந்த 'ஆஸ்த்ரா ஒலே' இந்த வழியில்தான் போனது. குளியல் வெந்நீருக்கென்றே தனி அடுப்பும் அவர்கள் வடிவமைத்தார்கள், கிராமத்து விறகு எங்கே போகிறது என்று உட்கார்ந்து அளந்ததால்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சில இடங்களில் அடுப்புக்குள் செம்புக் குழாயைச் சுருட்டி வைத்து, இரண்டு பக்கமும் வால்வு போட்டு "கீசர்" என்று விற்கிறார்கள். தண்ணீர் கொதித்து ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் அது வெடிகுண்டு. மேலே திறந்த வாய் உள்ள அண்டா, அடியில் ஒரு டேப், அவ்வளவு போதும். பழைய செம்பு பாய்லர் அப்படித்தானே இருந்தது. தண்ணீர் இல்லாமல் தீ மூட்டக்கூடாது, புகைபோக்கி கூரையைத் தாண்டி நன்றாக மேலே போக வேண்டும், மாதம் ஒருமுறை கரி தட்ட வேண்டும். அடுப்புக்கு அடியிலேயே நாளைக்கு எரிக்கப்போகும் விறகு காய ஒரு பொந்து விட வேண்டும். இது அந்த அக்கா சொன்னது, எந்தப் பட்டியலிலும் இல்லை. கவாத்து வெட்டும் வருடத்தில் தேயிலைக் குச்சி நிறையக் கிடைக்கும். அதை முறைப்படி லைனுக்குக் கொடுத்தால் காட்டுப் பக்கம் போகவே வேண்டாம். தோட்ட நிர்வாகம் நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடியும் வேலை.

தானமாக வந்த அடுப்புகளின் வரலாறு எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 1983 முதல் 2002 வரை மத்திய அரசு மூன்று கோடிக்கும் மேல் புகையில்லா அடுப்பு கட்டியதாகக் கணக்கு இருக்கிறது. எத்தனை எரிந்தன என்பது வேறு கதை. ஒடிசாவில் 44 கிராமங்களில் சுமார் 2,600 வீடுகளை நான்கு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் புகை கொஞ்சம் குறைந்தது, பிறகு பழுதுபார்ப்பார் இல்லாமல் பலனே மறைந்துவிட்டது. இப்போது கார்பன் வரவு வந்திருக்கிறது. எங்கள் வீட்டுப் புகை குறைந்ததாக எழுதி, அதை விற்று, வேறொரு கம்பெனி தன் புகையைக் கழுவிக்கொள்ளும். 2024இல் வந்த ஓர் ஆய்வு, அடுப்புத் திட்டங்கள் உண்மையைவிட ஒன்பது மடங்கு அதிகமாக வரவு எழுதியிருந்தன என்று காட்டியது. எங்களுக்கு வந்த மின்னஞ்சலின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: "உமிழ்வுக் குறைப்பின் உரிமை நிறுவனத்தையே சாரும்." விறகு சுமப்பது நாங்கள், உரிமை அவர்களுக்கு!

எங்கள் தோழர்களிலேயே சிலர் சண்டைக்கு வந்தார்கள். "ஊரெல்லாம் கரன்ட் அடுப்புக்குப் போகும்போது சேரிக்கு மட்டும் விறகடுப்பா? நாமே புகைக்குள் நம் மக்களை உட்காரவைக்கலாமா?" நியாயமான கேள்வி. இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. பாதுகாப்பான மின் இணைப்பும், மழைக்காலத்துக்குக் கூடுதல் இலவச யூனிட்டும், லைனுக்குப் பொது வெந்நீர்க் குளியலறையும் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், விடப்போவதில்லை. ஆனால் மனு நகரும் வேகம் எங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் பின்பக்கத்து மூன்று கல் எரிந்துகொண்டுதான் இருக்கும். அதை எரியவிட்டுவிட்டுக் கொள்கை பேசுவதும் ஒருவகையில் மேல்சாதிச் சொகுசுதான் என்று படுகிறது. இப்படிச் சொன்னதற்குத் தோழர்கள் கோபித்துக்கொண்டார்கள். கோபிக்கட்டும்.

பட்டியலில் நாங்கள் எதையும் டிக் அடிக்கவில்லை. அதே பணத்தில் லைனில் இருக்கும் இரண்டு கொத்தனார்களுக்குக் கூலி, செங்கல், அண்டா, புகைபோக்கிக் குழாய் கொடுங்கள், பழுது பார்க்க இரண்டு ஆண்டுக்குப் பணம் ஒதுக்குங்கள், கார்பன் வரியை அடியுங்கள் என்று எழுதி அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. இடையில் கைக்காசு போட்டு அந்த அக்கா வீட்டில் ஒன்று கட்டிப் பார்த்தோம். சோறு வடிக்கும் நேரத்தில் அண்டாவில் இரண்டு வாளிக்குச் சூடு ஏறுகிறது, ஐந்து பேருக்குப் போதவில்லை. அண்டாவுக்கும் சுவருக்கும் இடையே சந்தை இன்னும் குறுக்க வேண்டும் என்கிறார் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை இடித்துத் திரும்பக் கட்டுகிறோம். ஜூன் முதல் வாரம் மழை.