பெட்டியும் பொருளும்

புதிதாக ஒரு கைத்துப்பாக்கி வாங்குபவன் அது வரும் பெட்டியைப் பொருட்படுத்துவானா? நம்மவர்க்கு இது வேண்டாத வினாவாகத் தோன்றலாம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நாட்டில் உண்டு. அனுமதிப்பத்திரமின்றி எவரும் துவக்கு வைத்திருத்தல் ஆகாது. கடைக்குச் சென்று, கண்ணாடிப் பேழையுள் அடுக்கியுள்ள கைத்துப்பாக்கிகளைப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. துப்பாக்கியின் பெட்டியை ஒருநாளும் காணாமலே துப்பாக்கியை நன்கறிந்த மக்கள் நாம்.

ஆயினும் வினா சிந்திக்கத்தக்கதே. உறையின் கவர்ச்சி சிறிதும் செல்லாத பொருள் ஒன்று உலகில் உண்டென்றால் அது துப்பாக்கியாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணுவோம். சுடுமா சுடாதா என்பதன்றி அதிற் பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது?

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் அவ்வாறு எண்ணவில்லை. 1836இல் தம் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்ற அவர், கைதேர்ந்த பொறிவினைஞர் மாத்திரமல்லர். மனித மனத்தை அளந்தறிந்த வணிகருமாவார். பொன்வேலைப்பாடு அமைந்த துப்பாக்கிகளை 1854இல் ருசியப் பேரரசர் முதலாம் நிக்கலசுக்குக் காணிக்கையாக அளித்தார். உயர்ந்த மரத்தாற் செய்து உள்ளே மென்துணி பதித்த பேழைகளிலே, குண்டு வார்க்கும் அச்சும் மருந்துக் குடுவையும் அருகமையத் துப்பாக்கி துயில்கொண்டிருக்கும். திறந்து பார்ப்பவனுக்கு அது கொலைக்கருவியாகவா தோன்றும்? குலதனமாகவன்றோ தோன்றும்! இவற்றினும் விந்தையானது இன்னொன்று. பெருமக்கள் சிலருக்குப் பரிசளிக்கவென, கட்டிய நூலொன்றைப் போலவே தோன்றும் பெட்டிகளையும் கோல்ட் செய்வித்தார். முதுகில் அரசியலமைப்பையும் சட்டத்தையும் பற்றிய நூலின் தலைப்புப் போன்ற எழுத்துகள். திறந்தால் உள்ளே துப்பாக்கி. நூல்களோடு நாளைக் கழிக்கும் தொழிலினனாகிய எனக்கு இச்செய்தியைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

இன்று ஆலைகளிலிருந்து வரும் கைத்துப்பாக்கிகளிற் பல வெறும் பிளாஸ்டிக் பெட்டிகளில் வருகின்றன. பயன்படுத்துவோர் பலர் அப்பெட்டியை மூலையில் எறிந்துவிடுவர். பழம்பொருள் சேகரிப்போர் மட்டும், முதற் பெட்டியும் கூடவந்த தாள்களும் இருந்தால் அதிக விலை கொடுப்பர். ஆனால் அமெரிக்காவில் 2005இல் இயற்றிய சட்டமொன்று, உரிமம் பெற்ற வணிகர் கைத்துப்பாக்கி விற்கும்போது, சில விலக்குகள் நீங்கலாக, பூட்டோ பாதுகாப்புக் கருவியோ சேர்த்தே கொடுக்கவேண்டும் என விதித்தது. வீட்டிலுள்ள குழந்தையின் கையை நினைத்து எழுந்த விதி இது. கோல்ட்டின் நூற்பெட்டியை விட இந்தச் சிறு பூட்டு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உயிரைக் குடிக்கும் பொருளுக்கு அழகிய பெட்டி செய்தவர் கோல்ட் ஒருவரேயல்லர். நம் தீவகத்தார் நெடுங்காலம் கையாண்ட பண்டம் புகையிலை. புங்குடுதீவிலிருந்தும் வேலணையிலிருந்தும் தென்னிலங்கைக்குப் போய்ச் சுருட்டுக்கடை வைத்தோர் எத்தனையோ பேர். சுருட்டைக் கட்டாகக் கட்டி விற்றார்கள். புகைப்பவன் மணத்தையும் காரத்தையும் பார்த்து வாங்கினான். சிகரட்டு வந்தபோது அதனோடு வண்ணப் பெட்டியும் வந்தது. அப்பெட்டியின் வலிமையை அறிய வேண்டுமாயின் வழக்குமன்றங்களைப் பார்க்கவேண்டும். அவுஸ்திரேலியா 2012 டிசம்பர் முதல் எல்லாச் சிகரட்டுப் பெட்டிகளும் ஒரே மங்கிய கபில நிறத்தில், வணிகச் சின்னமின்றி இருக்கவேண்டும் என்று சட்டமாக்கியது. கம்பனிகள் அந்நாட்டு உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றன. கியூபா, இந்தோனேசியா முதலிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டன. 2020இல் அங்கும் அவுஸ்திரேலியாவே வென்றது. நம் நாட்டிலும், பெட்டியில் 80 வீதப் பரப்பை எச்சரிக்கைப் படங்களுக்கு ஒதுக்கும் ஒழுங்குவிதி 2012இல் வந்ததும் வழக்கு எழுந்தது. 2015ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தினாலேயே அந்த 80 வீதம் நிலைபெற்றது. உறை வெறும் உறையே என்றால் அதற்காக இத்தனை வழக்குகள் எதற்கு?

நம் ஊர்க் கடைகளில் ஒற்றைச் சிகரட்டு விற்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். முதன்முதற் புகைக்கத் துணியும் மாணவன் பெட்டியை வாங்குவதில்லை; ஒன்றை வாங்குகிறான். எச்சரிக்கைப் படம் கடைக்காரரின் மேசையிலேயே தங்கிவிடுகிறது.

பெட்டியினால் விற்பனையாகும் பண்டங்களைப் பார்த்தோம். தன் உறைக்கு விலை கேட்கத் தெரியாத பண்டம் ஒன்று நம்மிடமே உண்டு. அது பனங்கட்டி. கருப்பநீரைக் காய்ச்சிப் பாணி பதமாகியதும் குருத்தோலையால் இழைத்த சிறு குட்டான்களில் ஊற்றுவர், ஆறியதும் கட்டியாகிவிடும். ஆகவே குட்டான் பொருளை மூடிய உறை மட்டுமன்று. பொருளுக்கு வடிவு கொடுத்த அச்சும் அதுவே. இப்படி அச்சும் உறையும் ஒன்றாகிய பண்டம் கடையில் வேறெது உண்டென்று நினைத்துப் பார்க்கிறேன். சட்டென ஒன்றும் அகப்படவில்லை.

குட்டான் இழைப்போர் பெரும்பாலும் பெண்கள். ஓலையை வார்ந்து, விரல் நகத்தாற் கீறி, ஒவ்வொன்றாக மடிக்கும் வேலைக்கு எந்தப் பொறியும் இல்லை. இப்போது பனங்கட்டியைத் துண்டுகளாக்கிப் பொலிதீன் பையில் இட்டு விற்பதும் வழக்கமாகியுள்ளது. வாங்குவோருக்குச் சில்லறை மிச்சம். இழைத்தவளுக்கு அந்தச் சில்லறைதான் கூலி. 1978இல் தோன்றிய பனை அபிவிருத்திச் சபை பனைத்தொழிலைப் பேண ஏற்பட்டதேயாயினும், அக்கூலியை நிறுத்துப் பார்ப்பது கடைசியில் வாங்குபவரின் கையே.

குட்டான் எப்போதும் உண்மையே பேசும் என்றும் நான் சொல்லவரவில்லை. சீனி கலந்த கட்டியையும் அதே ஓலைக்குள் ஊற்றி வைக்கலாம், வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த நம்மவர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஓலையைக் கண்டவுடன் ஊர் நினைவில் நெஞ்சம் நெகிழ்ந்து, உள்ளிருப்பதை ஆராயாமல் வாங்குவதும் இயல்பே. கோல்ட்டின் பேழையைத் திறந்தவன் அடைந்த மயக்கம் இதற்குத் தூரத்து உறவாகலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கலப்படத்தை நாக்கு கண்டுபிடித்துவிடும். தாய்மார் ஒரு குட்டானை உடைத்து ஒரு நறுக்கை வாயில் இட்டுப் பார்த்தபின் மீதியை வாங்கட்டும். நல்ல பனங்கட்டி என்று கண்டால் குட்டானுக்கும் சேர்த்து விலை கொடுக்கட்டும். வெறும் ஓலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். அதன் மடிப்புகளில் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தின்ன அவர்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.